ஸ்பிரிங்கும் முழங்காலும்: வயரிங் பைப் வளைப்பது பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணம் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை செய்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து தை, மாசி வந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டு வேலை சூடு பிடிக்கும். புதுப் பையன்களும் அப்போதுதான் வந்து சேர்வார்கள். ஸ்விட்ச் மாட்டவும் போர்டு கட்டவும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பைப்பை வளைக்கச் சொன்னால்தான் முழிக்கிறார்கள். இந்தப் பருவத்தில் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்தேன். ஆனாலும் நான் வளைத்தால் பைப் சப்பையாகிவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? (மன்னார்குடி)

கடையிலிருந்து ஆரம்பி தம்பி. 20 மி.மீ. பி.வி.சி. பைப், மீடியம், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது இரண்டு லெங்த் வாங்கு. ஒரு லெங்த் 3 மீட்டர். மீட்டருக்கு ஒரு துண்டாக அறுத்தால் ஆறு துண்டு கிடைக்கும். ஆறும் கெட்டுப் போவதற்குத்தான், வருத்தப்படாதே.

அடுத்தது ஸ்பிரிங், வளைக்கும்போது பைப் சப்பையாகாமல் உள்ளேயிருந்து தாங்குகிற சுருள்கம்பி. மீடியம் பைப்பும் ஹெவி பைப்பும் வெளியே ஒரே 20 மி.மீ.தான், உள்ளே துவாரம் வேறு. ஹெவிக்கான ஸ்பிரிங்கை மீடியத்தில் விட்டால் லொடலொடவென்று ஆடும், வளைவு சப்பையாகும். உன் கதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பைப் துண்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே உள்ளே விட்டுப் பார்த்து வாங்கு. தடையில்லாமல் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

துண்டின் நடுவில் மார்க்கரால் ஒரு கோடு போடு. ஸ்பிரிங்கின் பாதி அந்தக் கோட்டுக்கு நேராக வருகிற மாதிரி உள்ளே விடு. முனையில் இருக்கிற வளையத்தில் ஒரு நூல்கயிறு கட்டிக்கொள், இல்லையென்றால் திரும்ப எடுக்க முடியாது. வளைக்கிற இடத்தைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய், கொஞ்சம் சூடு ஏறும். மார்கழிக் காலை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தேய். அப்புறம் கோட்டை முழங்காலில் வைத்து, இரண்டு கையையும் அகலமாகப் பிடித்து, மெதுவாக இழு. வெடுக்கென்று இழுத்தால் உள்பக்கம் மடிப்பு விழும். கை ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. பைப்பை முழங்காலின் மேல் இப்படியும் அப்படியும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வளைத்தால்தான் வளைவு உருண்டையாக வரும்.

90 டிகிரி வேண்டுமென்றால் 100, 105 வரை கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பிடித்திரு. விட்டதும் தானாகத் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பது பைப்பையும் வெயிலையும் பொறுத்தது. அதை நான் சொல்லித் தர முடியாது, உன் ஆறு துண்டுதான் சொல்லும்.

கெட்ட துண்டை எறிந்துவிடாதே. கோடு எங்கே போட்டாய், வளைவு எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது என்று அதன் மேலேயே எழுதி ஆணியில் மாட்டி வை. என் பட்டறைச் சுவரில் இன்னும் பத்துப் பதினைந்து துண்டு தொங்குகிறது.

வளைவு சரியாக விழுந்ததா என்று எப்படிச் சோதிப்பது? (பாபநாசம்)

25 மி.மீ. பைப் என்றால் ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுங்கள். 20க்கு அதைவிடச் சின்னது வேண்டும். சிக்கினால் அந்த வளைவு வேண்டாம். பையன்களுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும், சாப்பாட்டு நேரத்திலும் உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

பைப் நன்றாகத்தான் வளைகிறது, ஆனால் பாக்ஸுக்கு நேராக வராமல் ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிப் போகிறது. ஏன்? (திருவாரூர்)

மூலை எங்கே வர வேண்டுமோ அங்கேயே கோடு போடுகிறீர்கள், அதனால்தான். பைப் மூலை வரை போய்த் திரும்புவதில்லை, மூலையை அறுத்துக்கொண்டு குறுக்கே போகிறது. வயலில் வரப்போடு சுற்றிப் போகாமல் குறுக்கே நடந்தால் நடை குறைகிறதல்லவா, அதே கணக்கு.

வளைவின் ஆரம் பைப்பின் வெளி விட்டத்தைப் போல 4 மடங்காவது இருக்க வேண்டும். 20 மி.மீ. பைப்புக்கு 80 மி.மீ. அந்த ஆரத்தில் 90 டிகிரி வளைவு சுமார் 126 மி.மீ. பைப்பைச் சாப்பிடும். மூலை வரை நேராகப் போய்த் திரும்பினால் 160 மி.மீ. ஆகியிருக்கும். மிச்சம் 34, அதில் பாதி 17. ஆக, பைப் முனையிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் மூலை வர வேண்டுமென்றால், வளைவின் நடுக்கோட்டை 283ல் போட வேண்டும். உங்கள் முழங்கால் 80 மி.மீ. ஆரத்தில் வளைக்கிறதா, 110ல் வளைக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. மூன்று துண்டு வளைத்து அளந்தால் உங்கள் 17 என்னவென்று தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் மாறும்.

ஸ்பிரிங் உள்ளே மாட்டிக்கொண்டது, இழுத்தால் நூல் அறுந்துவிட்டது. (வலங்கைமான்)

பைப்பை எதிர்ப்பக்கம் கொஞ்சம் விரித்துக் கொடுங்கள். ஸ்பிரிங்கின் முனை எட்டுகிற இடத்தில் இருந்தால், சுருள் இறுகுகிற திசையில் முறுக்கிக்கொண்டே இழுங்கள். இறுகினால் பருமன் குறையும், வந்துவிடும். எதிர்த்திசையில் முறுக்கினால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முனை எட்டவில்லை என்றால் பைப்பை அறுங்கள், ஸ்பிரிங் பைப்பைவிட விலை அதிகம். அடுத்த முறை உள்ளே விடும்முன் முகப்பவுடர் கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேஸ்திரி பழைய பேப்பரைக் கொளுத்திக் காட்டி வளைக்கிறார். வேகமாக வேலை முடிகிறது. தப்பா? (மயிலாடுதுறை)

தப்பு. பி.வி.சி. 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதற்கு நெருப்பு தேவையே இல்லை. நெருப்பில் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். கருகின இடம் பின்னால் நொறுங்கும். புகையில் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். 20, 25க்கு ஸ்பிரிங் போதும். 40, 50 மி.மீ. என்றால் ஹாட் ஏர் கன் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டலாம். அல்லது பழைய முறைப்படி, சலித்துக் காயவைத்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, சூடு காட்டி வளைக்கலாம். ஈர மணல் வேண்டாம், ஆவி கட்டும். காவிரிக் கரையில் இருந்துகொண்டு இன்று ஒரு வாளி மணலுக்கு அலைய வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

வீட்டுக்காரன் நான். எங்கள் எலக்ட்ரீஷியன் வளைக்கவே மாட்டேன் என்கிறார், எல்லா இடத்திலும் எல்போ போடுகிறார். விடலாமா சார்? (திருவையாறு)

எல்போ வேறு, பெண்டு வேறு. நீளமாக வளைந்து வருகிற ரெடிமேட் பெண்டு பரவாயில்லை. சட்டென்று மடங்குகிற எல்போவைச் சுவருக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ புதைக்க விடாதீர்கள். வயர் அதில் உரசும், இழுக்கும்போது மேல்தோல் கிழியும். எங்கு திரும்பினாலும், ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவே இரண்டு 90க்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பைப் முழுக்க வயரைத் திணிக்கவும் கூடாது. உள்பரப்பில் 40 சதவீதம் வயர், மிச்சம் காற்று என்பது பொதுவான கணக்கு.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக் கூரையில், அவசரத்துக்கு மூன்று எல்போவை அடுத்தடுத்துப் போட்டுச் சென்ட்ரிங்கில் கட்டிவிட்டேன். ஒன்றில் ஒட்டுகிற சொல்யூஷனும் சரியாகப் பூசவில்லை. கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, வயர் இழுக்கப் போனால் ஸ்டீல் டேப் நுழையவில்லை. உள்ளே சிமென்ட் பால் இறங்கிக் கல்லாகியிருந்தது. நடுக்கூடத்துக் கூரையை உளி வைத்துக் கொத்தினேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியானால் கூரைக்குப் பைப் கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (பட்டுக்கோட்டை)

அடிக்கம்பி கட்டின பிறகு, அதன் மேல் பைப்பை ஓட்டி, கட்டுக்கம்பியால் கட்டுங்கள். சுவருக்கு இறங்குகிற இடத்தில்தான் உங்கள் கைவளைவு தெரியும். அங்கே வளைவு பெரிதாக, சாவகாசமாக இறங்கட்டும். வளைத்ததை உடனே கட்டிவிடுங்கள், சும்மா வைத்தால் மெல்ல விரியும். வெயிலில் கிடந்த பைப்பையும் எடுக்காதீர்கள், அது வாழைக்காய் மாதிரி ஏற்கெனவே வளைந்திருக்கும். முனைகளைத் துணி வைத்து அடைத்து டேப் சுற்றுங்கள். கான்கிரீட் போடுகிற அன்று ஒரு ஆளாவது கூடவே நிற்க வேண்டும். வைப்ரேட்டர்காரர் பைப்பைப் பார்த்து நடக்க மாட்டார்.

சுவர் மேலேயே பைப் ஓட்டுகிறோம். நடுவில் ஒரு தூண் 5 செ.மீ. வெளியே நிற்கிறது. அதில் ஏறி எப்படிப் போவது? (குடவாசல்)

இரண்டு 30 டிகிரி வளைவு, ஒன்று வெளியே, ஒன்று திரும்ப நேராக. ஏற வேண்டிய உயரத்தைப் பெருக்கினால் இரண்டு வளைவின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் வரும். 30 டிகிரிக்குப் பெருக்கல் 2. ஆக 50 மி.மீ. ஏற, இரண்டு கோட்டுக்கும் நடுவே 100 மி.மீ. இதை 45 டிகிரியில் செய்தால் பெருக்கல் 1.414, அதாவது 71 மி.மீ.தான். 20 மி.மீ. பைப்பில் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு வளைவும் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும். 30தான் கைக்கும் கண்ணுக்கும் நல்லது. ஏறுவதில் பைப்பின் நீளம் சுமார் 13 மி.மீ. குறையும், மறுபக்கம் இறங்குவதிலும் அதே அளவு குறையும், பாக்ஸ் வரை அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வளைவை வளைக்கும்முன், பைப்பின் முதுகில் நீளவாட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் வளைத்தால் இரண்டும் ஒரே தளத்தில் வராது, நாய் வால் மாதிரி திருகி நிற்கும். புதியவர்கள் பாதிப் பேர் தடுமாறுவது இதில்தான்.

பெண்பிள்ளைகள் இதைச் செய்ய முடியாது, பலம் வேண்டும் என்கிறார்கள் அண்ணா. நான் வயர்மேன் டிரேடு படிக்கிறேன். (நீடாமங்கலம்)

பலம் போட்டு வளைக்கிறவர்கள்தான் பைப்பைச் சப்பையாக்குகிறார்கள் தங்கச்சி. 20, 25க்குத் தேவை நிதானமும் அகலமான பிடியும்தான். நீளமான துண்டாக எடுத்து வளைத்து, அப்புறம் அறுத்துக்கொள். பிடி நீண்டால் சுமை குறையும். முழங்கால் வேண்டாமென்றால் உருண்டையான மரக்கட்டை ஒன்றைப் பெஞ்சில் அடித்து வைத்துக்கொள். எல்லா வளைவும் ஒரே ஆரத்தில் வரும், கணக்கும் மாறாது. சொல்லப்போனால் முழங்காலைவிட அது நல்ல வழி. நான் பழக்கத்தால்தான் முழங்காலை விடாமல் இருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போகிறேன். அங்கே ஜி.ஐ. பைப், மெஷினில் வளைக்க வேண்டுமாம். இங்கேயே பழக முடியுமா? (முத்துப்பேட்டை)

கை வேறு, கணக்கு அதேதான். மெஷினில் பைப் அளவுக்கு ஏற்ற ஃபார்மர், அதாவது பைப் படிந்து வளைகிற அச்சு இருக்கும், ஆரம் அதற்குள்ளேயே வந்துவிடும். நீ பழக வேண்டியது கோடு போடுவதை. ஃபார்மரின் எந்த இடத்துக்கு நேராகக் கோடு நின்றால் வளைவு எங்கே விழுகிறது என்று முதல் நாளே ஒரு துண்டை வளைத்து அளந்து எழுதிக்கொள். பற்றவைத்த தையல் தெரிகிற பைப் என்றால், தையலை வளைவின் பக்கவாட்டில் வை. வெளிவளைவில் வைத்தால் பிளக்கலாம். அறுத்த வாயை ரீமர் போட்டுத் தேய்க்காமல் வயரை இழுக்காதே, பிசிறு பிளேடு மாதிரி அறுக்கும்.

வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கம் ஒரு கொட்டகை. ஸ்டீல் பைப்பா, பி.வி.சி.யா?

பி.வி.சி. ஹெவி. உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. வெயில் படுகிற சுவரில் நீளமாக ஓட்டினால் விரிவதற்கு இடம் விடுங்கள். 20 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டர் பைப் 4 மி.மீ. நீளும்.

மேட்டூர் திறப்பதற்குள் பம்புசெட் கொட்டகையைச் சரி செய்ய வேண்டும். கஜா புயலில் சாய்ந்த, கம்பத்து லைன் வயர் இறங்குகிற சர்வீஸ் பைப்பை நிமிர்த்தி வைத்ததோடு சரி. அதன் தலையை நாமே வளைக்கலாமா? (திருத்துறைப்பூண்டி)

2018ல் சாய்ந்ததை இன்னும் வைத்திருக்கிறீர்களா! அதை விட்டுவிட்டுப் புதுப் பைப் போடுங்கள். ஒரு தடவை மடங்கி நிமிர்ந்த ஜி.ஐ. பைப் அதே இடத்தில் மறுபடி மடங்கும். தலை குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து, வாய் தரையைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் இறங்காது. இதை முழங்காலில் முயல வேண்டாம். அடுப்பில் காய்ச்சியும் வளைக்காதீர்கள், மேலே பூசின துத்தநாகம் எரிந்து வருகிற புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஹைட்ராலிக் பெண்டர் வைத்திருக்கிற பட்டறையில் கொடுங்கள், அல்லது ரெடிமேட் பெண்டை மரை போட்டு மாட்டுங்கள். லைன் இருக்கும்போது பைப்பைத் தொடவே வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி, சப்ளையைத் துண்டித்த பிறகு ஏணியை வையுங்கள்.