டயலிசிஸ் செய்யும் அப்பாவை நடக்க விடலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது. சீனி வருத்தத்தில் சிறுநீரகம் செயலிழந்து, ஒன்றரை வருடமாகக் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ், அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. மற்ற நாட்களில் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இப்போது லயத்துப் படியேறவே ஒருவர் கைபிடிக்க வேண்டியிருக்கிறதாம். “நடந்தால் உடம்பு இன்னும் கெட்டுவிடும் என்கிறார்கள். உடற்பயிற்சி ஏதும் செய்யலாமா?” என்று கேட்கிறார்.

செய்யலாம். சும்மா படுத்திருப்பதுதான் அப்பாவின் கால் பலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. சிறுநீரகம் நின்றவர்களுக்குத் தசை தானாகவே கரையும். தேங்கும் கழிவும் அமிலமும் ஒரு பக்கம், இரத்தசோகை மறுபக்கம். இயந்திரத்திலும் கொஞ்சம் புரதச் சத்து போய்விடும். ஓய்வும் சேர்ந்தால் முதலில் போவது தொடைத் தசை. ஜெர்மனியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட டயலிசிஸ் நோயாளிகளிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் கதிரையிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு அது ஒரு வருடத்தில் 16இலிருந்து 19 ஆனது. செய்யாதவர்களுக்கு 15க்குக் கீழே இறங்கிவிட்டது. ‘சும்மா இருந்தால் இருப்பதாவது மிஞ்சும்’ என்ற கணக்கு இங்கே சரிவராது.

அதனால் அப்பாவுக்கும் கதிரையிலிருந்தே தொடங்குங்கள். கைப்பிடி உள்ள கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கதிரையின் விளிம்புக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, நெஞ்சை முன்னால் சாய்த்து எழும்ப வேண்டும். எழும்பும்போது மூச்சை வெளியே விடட்டும். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக உட்காரட்டும். அந்த இறக்கத்திலும் பலம் கூடும். ஐந்து தரம், கொஞ்சம் ஓய்வு, இன்னும் ஐந்து தரம். முதல் இரண்டு கிழமைக்கு இது போதும்.

அப்புறம் நடை. மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டுக்குப் போக இறக்கம் முதலில் வரும், ஏற்றம் கடைசியில் வரும். போகும்போது உற்சாகமாக இருக்கும். களைத்துப்போய்த் திரும்பும்போதுதான் படி நிமிர்ந்து நிற்கும். ஆகவே லயத்து வாசலின் சமதரையிலேயே ஐந்து நிமிடம் போய்வரட்டும். கிழமைக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பிரஷர் மாத்திரை குடிப்பவர்களில் பலருக்கு நாடித்துடிப்பு வைத்து அளப்பது பொருந்தாது. அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடந்த பிறகு, யாராவது துணையோடு, பத்துப் படி ஏறிப் பார்க்கலாம். நுவரெலியா, ஹட்டன் குளிரில் விடியற்காலையில் நடக்க வேண்டாம், வெயில் வரட்டும். ரப்பர் செருப்பும் வேண்டாம், சப்பாத்து போடுங்கள். சீனி வருத்தக் காலில் காயம் பட்டாலும் தெரியாது, வந்தவுடன் பாதத்தைப் பாருங்கள்.

எந்த நாளில் செய்வது? டயலிசிஸ் முடிந்த அன்று வேண்டாம். பிரஷர் இறங்கியிருக்கும், எழும்பினால் தலைசுற்றும். குழாயில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்து வேறு இருக்கும்; சில மணி நேரத்துக்கு அட்டை கடித்தால்கூட இரத்தம் லேசில் நிற்காது. மறுநாள்தான் நல்ல நாள். கிழமைக்கு இரண்டு தரம் என்றால் ஓர் இடைவெளி நீளமாக இருக்கும். அதன் கடைசி நாளில் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் கூடியிருக்கும் என்பதால் அன்றைக்குக் கதிரைப் பயிற்சி மட்டும், அதுவும் மெதுவாக. டயலிசிஸ் தவறிய நாளில், காய்ச்சலில், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்போது, மேல் பிரஷர் 180ஐத் தாண்டினால் எதுவும் வேண்டாம். நெஞ்சு வலியோ, உட்கார்ந்தும் தணியாத மூச்சிரைப்போ, கால்கள் திடீரென்று துவள்வதோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இயந்திரத்தில் இருக்கும்போதும் முதல் இரண்டு மணி நேரத்தில் படுத்தபடியே காலை மடக்கி நீட்டலாம். ஆனால் தாதியிடம் கேட்டுவிட்டுத்தான். ஊசி போட்ட கை அசையவே கூடாது.

அந்த பிஸ்டுலா கையைப் பற்றி, அதாவது டயலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையைப் பற்றி, ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கையில் தண்ணீர் கேன், விறகுக் கட்டு தூக்கக்கூடாது, இறுக்கமான கைக்கடிகாரமும் கூடாது. ஆனால் ரப்பர் பந்தை அமுக்கி விடுவது நல்லது. தினமும் தொட்டுப் பாருங்கள். ‘ர்ர்ர்’ என்ற அதிர்வு நின்றுபோனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நடந்து வந்தவுடன் செவ்விளநீர் கொடுப்பது நம்ம பழக்கம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். காமரங்காய் (நட்சத்திரப் பழம்) அதைவிட மோசம், டயலிசிஸ்காரர்களுக்கு அது நஞ்சு. பிளேன்டீ கொடுத்தால் அன்றைய தண்ணீர்க் கணக்கில் அதையும் சேருங்கள். இன்சுலின் போடுபவரென்றால் சாப்பிட்ட பிறகே நடக்கட்டும், பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

தொடங்குமுன் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதய வருத்தம் இருந்தால் கட்டாயம். இரண்டு மூன்று மாதத்தில் பசி எடுத்து, காலில் சதை பிடித்தால், உலர் எடையை, அதாவது மிகுதித் தண்ணீர் இல்லாமல் உடம்பு இருக்க வேண்டிய எடையை, திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எடையையே வைத்திருந்தால், புதிதாக வந்த சதையையும் தண்ணீரென்று கணக்கிட்டு இயந்திரம் அதிகமாக இழுத்துவிடும். கால் குரக்கை பிடிப்பதும் தலைசுற்றுவதும் அதனால்கூட இருக்கலாம்.