சுண்டெலியின் மூளையில் பிடிஎன்எஃப் (BDNF, நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் புரதம்) குறைந்தால் கொகெயினின் விளைவு கூடுமா, குறையுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

ஆய்வில் புதிதாக இறங்கி, ஒரு கட்டுரையில் 'கூடும்', இன்னொன்றில் 'குறையும்' என்று படித்துக் குழம்பியிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த வளர்ச்சிக் காரணி (பிடிஎன்எஃப் போன்ற புரதம்), மூளையில் எந்த இடம் என்று முதலில் கேளுங்கள்.

பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு பிரதி மட்டுமே உள்ள சுண்டெலிகள் கொகெயின் போட்டபின் மற்றவற்றைவிடக் குறைவாக ஓடுகின்றன. மருந்து கிடைத்த அறையை நாடுவதும் குறைகிறது. இரண்டு பிரதியும் இல்லாதவை சில வாரங்களில் இறந்துவிடும் என்பதால்தான் பாதிக் குறைவோடு வேலை செய்கிறோம். எலிகளின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் (மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி) பிடிஎன்எஃப்பைச் செலுத்தினால் கொகெயினின் விளைவு கூடுகிறது. அதையே நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியில் செலுத்தினால் கொகெயினைத் தேடுவது குறைகிறது. ஜிடிஎன்எஃப் (GDNF) என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி வேறு கதை: அது பாதியானால் கொகெயினின் ஈர்ப்பு கூடும்.

அக்கம்பென்ஸில் பிடிஎன்எஃப்பின் ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான மரபணுவின் நகல்) மட்டும் அளந்து 'மாற்றமில்லை' என்று முடிக்காதீர்கள். அங்குள்ள பிடிஎன்எஃப் புரதத்தில் பெரும்பகுதி புறணியிலிருந்தும் நடுமூளையிலிருந்தும் நரம்பிழை வழியாக வந்து சேர்வது. புரதத்தை அளக்க வேண்டும்.

அதிகம் சறுக்குவது மருந்தளவில். பிடிஎன்எஃப் பாதியான சுண்டெலிகள் அதிகம் தின்று கொழுக்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது உங்கள் அளவு. கரைசல் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மில்லிலிட்டர். அதே 0.25ஐ 40 கிராம் சுண்டெலிக்கும் போட்டால் அதற்குக் கிடைப்பது கிலோவுக்கு 6.25 மட்டுமே. பிறகு ஓட்டம் குறைந்ததற்கு மரபணுவைக் காரணம் காட்டுவீர்கள்! தினமும் எடை பாருங்கள். ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்தவற்றையே எடுங்கள்.

ஊசியின் பதற்றமே ஓட்டத்தைக் கூட்டும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் உப்புநீர் போட்டுப் பழக்குங்கள். கொகெயினைப் போலவே ஊக்கமூட்டும் ஆம்ஃபெட்டமைனைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல்: அளவு ஏறினால் சுண்டெலி ஓடாது. ஒரே மூலையில் நின்று முகர்ந்துகொண்டும் தலையாட்டிக்கொண்டும் இருக்கும். ஒளிக்கதிரை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணும் கருவி இதை 'மந்தம்' என்று பதியும். காணொளி எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுங்கள். 'கருவி போதாதா' என்று கேட்பவர்கள் உண்டு, போதாது.

கேள்விக்கு வெளியே ஒன்று: 'பிடிஎன்எஃப் ஏற்றும் மாத்திரை' விளம்பரங்கள் எரிச்சலூட்டுகின்றன. ஏறினால் நல்லது என்று யார் சொன்னது? இடம் மாறினால் பலனும் மாறும் என்பதை மேலே பார்த்தோம். ரத்தத்தில் செலுத்தும் பிடிஎன்எஃப்கூட ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் ரத்த-மூளைத் தடுப்பைப் போதிய அளவில் தாண்டாது. அதனால்தான் மூளைக்குள் நுண்குழாய் வைக்கிறோம். குழாயின் முனை எங்கே நின்றது என்பதைச் சோதனை முடிந்ததும் மூளையைச் சீவிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இடம் தவறியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.