அரங்கமா, ஆளா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குத் தேவகோட்டைப் பக்கம். வேலை சிங்கப்பூரில். எங்கள் ஐயா பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்று பங்காளிகள் ஏழு புள்ளியும், அதாவது ஏழு குடும்பமும், பேசி முடித்திருக்கிறோம். பொதுவில் இருந்த ஓர் இடத்தை விற்ற வகையில் ஒன்றரைக் கோடி இருக்கிறது. நம் பக்கத்துக் கலைக்கும் கல்விக்கும் செலவாக வேண்டும் என்பதுவரை எல்லோரும் ஒத்துப்போகிறோம். அதற்கு மேல்தான் இழுபறி.

ஐயா படித்த பள்ளிக்கூடத்தில் கலையரங்கம் கட்டிப் பெயர் பொறிக்கலாம் என்கிறார்கள் மூத்தவர்கள். வருஷத்துக்கு ஒரு கலைஞருக்கு விருது கொடுக்கலாம் என்கிறார்கள் இளையவர்கள். நம்மவர், அதாவது நகரத்தார், பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புதவி கொடுத்தால் போதும் என்பது ஓர் அண்ணனின் கட்சி. இதற்கு நடுவில், அமெரிக்காவில் சில குடும்ப அறக்கட்டளைகள் தொண்டு அமைப்பை நடத்துகிறவர்களுக்கே, அவர்கள் ஓய்வெடுப்பதற்கே பணம் கொடுக்கின்றன என்று படித்தேன். இதைச் சொன்னதும் வீட்டில் சிரித்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரைக் கோடியை வைத்துக்கொண்டு ஏழு புள்ளியும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பதே பெரிய விஷயம். என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அரங்கம் வேண்டாம்.

செட்டிநாட்டில் எத்தனையோ பற்றாக்குறை உண்டு. கட்டடத்துக்குப் பற்றாக்குறை இருந்து நான் பார்த்ததில்லை. ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பட்டாலையில், அந்தப் பெரிய கூடத்தில், நூறு பேர் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம். இல்லாதது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆள். பாட்டு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் கலையரங்கம் கட்டினால் ஆண்டு விழா அன்று திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் நூலகத்துக்கு நல்ல கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். பளிங்குக் கல்வெட்டில் மூன்று தலைமுறைப் பெயர்கள். நூலகருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் விடுபட்டுப் போயிற்று. கல்வெட்டைப் படிக்கலாம், புத்தகம் படிக்க முடியாது.

மூத்தவர்களிடம் இதை அமெரிக்க யோசனை என்று சொல்லாதீர்கள். நம் பழைய வழக்கத்தைச் சொல்லுங்கள், அவர்களுக்கே தெரியும். கோயிலில் கட்டளை வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? நிலமோ பணமோ எழுதிவைத்து, அதன் வருமானத்தில் இன்ன காலப் பூஜைக்கு இவ்வளவு எண்ணெய், இவ்வளவு பூ, நைவேத்தியத்துக்கு இவ்வளவு அரிசி, ஓதுவாருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் இவ்வளவு என்று அன்றாடச் செலவுக்கு வழி பண்ணினார்கள். கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில், கணக்கில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு தனியாக ஒதுக்கினார்கள். காசியில் 1863 முதல் இருக்கும் நகரத்தார் சத்திரத்திலிருந்து இன்றும் விசுவநாதருக்குப் பூஜைப் பொருள்கள் தினமும் ‘சம்போ’ என்ற முழக்கத்தோடு போகின்றன என்றால், சத்திரத்தைக் கட்டியதோடு நிறுத்தாமல் அது நடப்பதற்கும் வழி செய்தார்கள் என்றுதானே அர்த்தம்? ஐயா பெயரில் ஒரு வாத்தியாருக்குச் சம்பளக் கட்டளை என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

கோட்டையூரை எடுத்துக்கொள்வோம். அழகப்பச் செட்டியார் அந்த ஊர்க்காரர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் ஆய்வகம் திறந்தது. அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா செட்டியாரும் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் கைக்காசில் வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழுக்குக் கிடைத்த பாக்கியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தனி ஆள் உயிரோடு இருந்தபோது, அவருக்கு உதவியாக ஒரு பையனுக்கும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளும் செலவுக்கும் மாதாமாதம் கொடுக்கும் ஒரு குடும்ப அறக்கட்டளை பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் அந்த நூலகம் இன்று எந்த ஊரில் இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

காரைக்குடி சகோதரர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். வீணை சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் திருக்கோகர்ணத்திலிருந்து இங்கே வந்து தங்கி, ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள். சாம்பசிவ ஐயர் பின்னாளில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் போய்ச் சொல்லிக் கொடுத்தார். காரைக்குடிப் பாணி என்று உலகம் சொல்கிறது. அதைக் காரைக்குடியில் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளை எங்கே போகும்? கல்யாணக் கச்சேரிக்குச் சன்மானம் கொடுப்பதில் நம் ஆட்கள் கை சுருக்கியதில்லை. கச்சேரிக்குக் கொடுப்பது ஒரு நாள் காசு. சீடப்பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் வருஷம் முழுக்கச் சோறு வேண்டும்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகப் பிடித்த காரியங்களும் உண்டு. மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தொடங்கியபோது பண்டிதமணி கதிரேசச் செட்டியார் என்ற ஆளைச் சுற்றித்தான் அந்த ஊர்த் தனவந்தர்கள் பணத்தைத் திரட்டினார்கள். தமிழ்க் கல்லூரி அதிலிருந்து வந்தது. நம் காலத்தில் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை கொட்டான் என்ற நம் ஓலைக்கூடைக்குச் செய்ததைப் பாருங்கள். பனையோலைக் கொட்டான் முடைவது தெரிந்த கைகள் அருகிக்கொண்டு வந்தன. அவர்கள் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், வடிவங்களைச் சேகரித்தார்கள், விற்க வழி தேடினார்கள். யுனெஸ்கோ அங்கீகாரம் பிறகு வந்தது. கொட்டானுக்கு மணிமண்டபம் கட்டியிருந்தால் கொட்டான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கும்.

இனி அந்த அமெரிக்க விஷயம். நீங்கள் படித்தது அநேகமாக லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் டர்ஃபி அறக்கட்டளை போன்ற ஒன்றைப் பற்றியதாக இருக்கும். ஒட்டும் லேபிளைக் கண்டுபிடித்துத் தொழில் நடத்திய ஏவரி குடும்பத்தினுடையது. அந்த நகரத்துத் தொண்டு அமைப்புகளை வருஷக்கணக்காக நடத்திக் களைத்துப் போனவர்களுக்கு, குறைந்தது மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கப் பணம் கொடுக்கிறார்கள். 1997 முதல் நடக்கிறது. அந்த மூன்று மாதம் அலுவலகப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஊர் சுற்றலாம், சும்மா படுத்திருக்கலாம். தலைவர் இல்லாத நாளில் இரண்டாம் வரிசையில் இருப்பவர்கள் பொறுப்பெடுத்துப் பழகுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பகுதிதான்.

இது நம் ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்டால், அங்கே இருப்பதைவிட இங்கே தேவை அதிகம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்போ, கிராமிய நாடகக் குழுவோ, வாசிப்பு அறையோ நடத்துகிற ஒருவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் தானே கதவைத் திறந்து கூட்டிப் பெருக்குவார், நண்பகலில் கணக்கு எழுதுவார், இரவில் விண்ணப்பம் தயாரிப்பார். சொந்த மகனின் பள்ளிக் கட்டணம் பாக்கியிருக்கும். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் பெரிது. 2013 கம்பெனிச் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்ட கம்பெனி சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட்டாக வேண்டும். ஆனால் பெரும்பாலும் அவர்களுக்குப் படத்தில் காட்டும்படி ஒரு திட்டம் வேண்டும், மார்ச் மாதத்துக்குள் செலவாக வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020 முதல் சட்டம். அதற்கு முன் 50 வரை போகலாம். ஆக, நடத்துகிற ஆளின் சம்பளத்தைத் தைரியமாகக் கொடுக்கக்கூடியது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத உள்ளூர்க் குடும்பப் பணம்தான். உங்கள் ஒன்றரைக் கோடியின் பலம் அதன் அளவில் இல்லை. பொறுமையாக இருக்க முடியும், அதுதான் பலம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மூலதனத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு, வட்டி ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்குப் பத்தரை லட்சம். வருமான வரி விலக்கு வேண்டுமானால் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும், 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். அந்த 15ஐயும் மூலதனத்திலேயே போடுங்கள், இல்லாவிட்டால் விலைவாசி தின்றுவிடும். செலவுக்கு ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ஒரு பாட்டு வாத்தியாருக்கு மாதம் 20,000, வாசிப்பு அறையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு 15,000, அமைப்பு நடத்தும் ஒருவருக்கு 25,000. மொத்தம் 7,20,000. மீதியில் வருஷத்துக்கு ஒருவருக்கு மூன்று மாத ஓய்வும், அவர் இடத்தில் நிற்பவருக்குச் சம்பளமும் கொடுத்துவிடலாம். அரங்கம் கட்டினால் இந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூட மிஞ்சாது.

அமைப்பு நடத்துபவருக்கு ஒரு வருஷம் கொடுத்து நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று வருஷம் என்று எழுத்தில் கொடுங்கள். அறிக்கை இரண்டு பக்கம் போதும். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அது நூறு பக்கத்துக்குச் சமம். மூத்தவர்கள் கட்டடத்தில்தான் நிற்பார்கள் என்றால் இருக்கவே இருக்கிறது, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்குவதற்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். அதில் கழிப்பறை கட்டிக் கொடுங்கள், பெண்பிள்ளைகள் வாழ்த்துவார்கள்.

விருது பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மண்டப வாடகை, பொன்னாடை, சாப்பாடு, சிறப்பு விருந்தினருக்குக் கார் எல்லாம் போக, விருது வாங்குபவருக்குக் கிடைப்பது கேடயமும் பேருந்துச் செலவும். விருதுப் பணம் விழாச் செலவைவிட ஐந்து மடங்கு என்று விதி வைத்தால் ஒத்துக்கொள்கிறேன்.

நம்மவர் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற அண்ணனிடம் முதலில் ஆடிட்டரைப் பேசச் சொல்லுங்கள். 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய தர்ம அறக்கட்டளை, ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இருந்தால் அதற்கு வரி விலக்கு கிடையாது. பிற்பட்டோர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்று இருப்பதற்குத் தடை இல்லை. சட்டம் இருக்கட்டும். அழகப்பர் கல்லூரியில் படித்து மேலே வந்தவர்களின் சாதிப் பட்டியலை எடுத்தால் தென்மாவட்டமே அதில் இருக்கும்.

பத்திரத்தில் அறங்காவலர்களை எழுதும்போது புள்ளிக்கு ஒருவர் என்று ஏழு பேர் போட்டுக்கொள்ளுங்கள், சரி. கூடவே குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர்: பள்ளிக்கூடம் நடத்திய அனுபவம் உள்ள ஒருவர், கலை தெரிந்த ஒருவர். ஓட்டுரிமையோடு. அறங்காவலருக்கோ உறவினருக்கோ அறக்கட்டளைப் பணத்தில் சலுகை போனால் அந்தப் பணத்துக்கு வரி விலக்கு கிடைக்காது, அதனால் பங்காளியின் தொழிலில் மூலதனத்தைப் போடும் பேச்சே எடுக்க வேண்டாம். குடும்பத்தின் பிடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டியது. அண்ணாமலைச் செட்டியார் குடும்பம் நடத்திய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் பிறந்தது, பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியது. 2013இல் அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. அழகப்பர் மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு விலகி நின்றார், அது தன் போக்கில் நடக்கிறது.

கடைசியாக ஒன்று, உங்கள் ஏழு பேரில் யார் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பாருங்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி வழியாக நீங்கள் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடிமகனாகிவிட்ட பங்காளி போடும் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அறக்கட்டளை மூன்று வருஷம் நடந்து, 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். ஆகவே இடம் விற்ற பணத்தில் அப்படிப்பட்டவர்களின் பங்கு எவ்வளவு என்று பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்