சிக்னல் பச்சை, பாதை வேறு: கோரமண்டலில் ஊர் போய்வரும் தொழிலாளர்களுக்கு என்ன செய்து வைக்கலாம்?

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். ஒடிசா, மேற்கு வங்கத்துத் தம்பிகள் சிலர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போவதும் வருவதும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில்தான், பெரும்பாலும் அன்ரிசர்வ்டு பெட்டியில். பாலசோர் விபத்துக்குப் பிறகு அவர்கள் கிளம்பினாலே மனசு பதறுகிறது. அங்கே என்னதான் நடந்தது? ரயில் மோதலைத் தடுக்கும் ‘கவச்’ கருவி இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா? நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: 2023 ஜூன் 2, மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல், பாலசோர் மாவட்டத்து பஹனாகா பஜார் ஸ்டேஷனை நிற்காமல் கடக்க வேண்டும். சிக்னல் பச்சை. வேகம் மணிக்கு 128 கி.மீ., அந்தத் தடத்தில் அனுமதித்த அளவுக்குள்தான். ரயிலை ஓட்டிய லோகோ பைலட் மீது தவறில்லை. ஆனால் ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட், மெயின் லைனுக்கு இல்லாமல், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குத் திரும்பிக் கிடந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. மோதித் தடம்புரண்ட பெட்டிகளில் சில பக்கத்துத் தடத்தில் போய் விழ, அந்நேரம் எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டிகளும் சிக்கின. 290 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

பாயின்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறுதியாகாமல் பச்சை விழவே கூடாது. இன்டர்லாக்கிங் என்ற ஏற்பாடே அதற்காகத்தான். அதையும் மீறி எப்படி விழுந்தது? ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கை ஒயரிங்கைத்தான் காட்டுகிறது. சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்தில் குறை இருந்தது. ஒயர்களின் மேல் எழுதியிருந்த பெயர் ஒன்று, அவை செய்த வேலை வேறு. விபத்து நாளன்று 94-ம் எண் லெவல் கிராசிங்கில் மின்சாரத்தில் ஏறி இறங்கும் கேட்டை மாற்றும் வேலை நடந்தபோது இணைப்பு தவறிப்போனது. பாயின்ட் லூப்பில் இருந்தும், மெயின் லைனுக்கு இருப்பதாகவே ஸ்டேஷன் மாஸ்டரின் பேனல் காட்டியது. சிக்னலும் அதை நம்பித்தான் பச்சை காட்டியது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இதே காரக்பூர் கோட்டத்தில் பாங்க்ரநயாபாஸ் ஸ்டேஷனில் 2022 மே 16 அன்று, தவறான ஒயரிங்கால் இதே மாதிரிக் கோளாறு நடந்திருக்கிறது. அப்போதே சரியான நடவடிக்கை எடுத்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று அறிக்கையே சொல்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனிலும் ஒரு ரயிலுக்கு சிக்னல் சரியாக விழுந்து, பாயின்ட் மட்டும் தவறாக இருந்தது. லோகோ பைலட் அதைக் கண்ணால் பார்த்து வண்டியை நிறுத்தினார். 128 கி.மீ. வேகத்தில், இருட்டும் நேரத்தில் அது முடிகிற காரியமல்ல.

கவச் பற்றி: சிவப்பு சிக்னலை மீறி வண்டி போனால் அது தானாக பிரேக் போடும். அந்த வகை விபத்துகளுக்கு அது அவசியம், வேகமாக வர வேண்டும். ஆனால் சிக்னல் நிலவரத்தை அது இன்டர்லாக்கிங்கிடமிருந்துதான் வாங்குகிறது. அங்கேயே தகவல் பொய் என்றால் கவச்சுக்கும் பச்சைதான். பஹனாகாவில் அது காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அன்ரிசர்வ்டு பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் இரு முனைகளில்தான் இருக்கும். பஹனாகாவில் கோரமண்டலின் முன்பக்கமும், மற்ற ரயிலின் பின்பக்கமும் அடிவாங்கின. அதனால் லீவு தேதியை முன்கூட்டியே பேசி முடிவு செய்து, புக்கிங் திறந்ததும் ஸ்லீப்பரில் ஐஆர்சிடிசி வழியாக டிக்கெட் போட்டுக் கொடுங்கள். பெயர் பயணிகள் பட்டியலில் (சார்ட்டில்) ஏறும். ஒரு ரூபாய்கூட ஆகாத இன்ஷூரன்ஸைத் தவறாமல் டிக் செய்யுங்கள். மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். நாமினி பெயரைச் சேர்க்கும் லிங்க், புக்கிங்கில் கொடுத்த நம்பருக்கு, அதாவது உங்கள் போனுக்கே வரக்கூடும். பல பேர் அதைத் திறப்பதே இல்லை. அந்தத் தம்பியின் அம்மா பெயரோ மனைவி பெயரோ கேட்டு நிரப்பிவிடுங்கள்.

அன்ரிசர்வ்டில்தான் போக வேண்டிவந்தால் ஆதார் நகலோடு, வீட்டு நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போன் உடைந்துவிட்டால் நம்பரும் அதோடு போய்விடும். பாலசோரில் இறந்தவர்களில் 28 பேரின் உடல்களை டிஎன்ஏ பரிசோதனை செய்தும் உரியவர்களிடம் சேர்க்க முடியாமல், நான்கு மாதம் கழித்து புவனேஸ்வரில் மாநகராட்சியே தகனம் செய்தது.

அன்ரிசர்வ்டு டிக்கெட்டுக்கு அந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆனால் ரயில்வே சட்டப்படியான இழப்பீடு எல்லாப் பயணிகளுக்கும் உண்டு. மரணத்துக்கு 8 லட்சம். ரயில்வேயின் தவறு என்று குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்ததும் அறிவிக்கும் கருணைத் தொகை வேறு, இது வேறு. கருணைத் தொகையை வாங்கியதோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளிவிட முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். குடும்பம் வசிக்கும் பகுதிக்கான அமர்விலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். இதை அந்தத் தம்பிகளிடம் மட்டுமல்ல, முடிந்தால் அவர்கள் வீட்டாரிடமும் போனில் சொல்லி வையுங்கள்.