விலங்குகள் மனிதருக்குச் செய்யும் உதவிகளில் நம்பவே முடியாதது எது?

கேள்வி கேட்டவர் நாய், குதிரை, டொல்பின் என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எலியைப் பற்றி எழுதப் போகிறேன். மூக்கைச் சுளிக்க வேண்டாம், நானும் இலங்கையின் வடக்கில் பரந்தன் பக்கத்து வயல்காரிதான், நெல் மூட்டைக்குள் எலி புகுந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கம்போடியாவில் மகாவா என்று ஒரு எலி இருந்தது. ஆபிரிக்காவின் பெரிய பை எலி இனம், எடை ஒன்றேகால் கிலோ கூட இல்லை. வேலை செய்த காலத்தில் 71 கண்ணிவெடிகளையும் வெடிக்காமல் கிடந்த 38 வெடிபொருள்களையும் மணந்து காட்டிக் கொடுத்தது. 2020இல் பிரித்தானியாவில் விலங்குகளின் வீரத்துக்குக் கொடுக்கும் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது, அதுவரை எந்த எலிக்கும் கிடைக்காதது. அடுத்த வருடம் ஓய்வு, 2022 தையில் செத்துப்போனது. அதற்குப் பிறகு வந்த ரோனின் என்ற எலி 109 கண்ணிவெடி காட்டிக் கொடுத்து மகாவாவை முந்திவிட்டது.

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த எலியின் வீடியோவைப் போட்டு, "எலி அரை மணியில் செய்யிற வேலைக்கு நீங்கள் ஏன் வருசக்கணக்கா மினக்கெடுறியள்?" என்று கேட்டிருந்தார். கீழே நாலைந்து சிரிப்பு முகங்கள். நான் முகமாலையில் ஏழு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் விட்டேன், அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எலி வேகமானதுதான், மறுக்கவில்லை. ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணிக்குள் மணந்து முடிக்கும், அதே நிலத்துக்குக் கருவியுடன் ஆளுக்கு நாலு நாள் வரை ஆகலாம். காரணம், எங்கள் கையில் இருக்கும் கருவி உலோகத்துக்குக் கத்தும். ஆணிக்குக் கத்தும், வெற்றுத் தோட்டாவுக்குக் கத்தும், செல் துண்டுக்குக் கத்தும். முகமாலை போரில் பல வருடம் முன்னரங்காக இருந்த இடம், அந்த மண்ணில் கல்லை விட இரும்புதான் கூட. சில இடங்களில் கருவியை வைத்துவிட்டு றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி இழுப்பதுதான் வழி. எலிக்கு இரும்பைப் பற்றிக் கவலையில்லை, வெடிமருந்தை மட்டும்தான் மணக்கும். தன்சானியாவில் மொரோகோரோ என்ற ஊரில் ஒன்பது மாதம் அளவில் பழக்குகிறார்கள். சரியாகக் காட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு துண்டு வாழைப்பழம். எடை குறைவு என்பதால் மிதித்தாலும் வெடிக்காது, பாவம் எலியைச் சாகக் கொடுக்கிறார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆனால் எலி என்ன செய்யும்? மண்ணைச் சுரண்டிக் காட்டும். அவ்வளவுதான். அதற்கு முன்னால் பற்றையை ஒட்ட வெட்டி நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுப்பது மனிதர், சுரண்டிய இடத்தில் முழங்காலில் இருந்து தோண்டி எடுப்பதும் மனிதர். இதை அண்ணாவின் வீடியோவில் காட்டவில்லை.

இந்த எலிகளைப் பற்றிக் கேள்விப்பட முன்பு, மிதிவெடி விசயத்தில் எங்கள் ஊரில் மாட்டைத்தான் நம்பினார்கள். 2010 கடைசியில் மீள்குடியேறினோம். 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது அவிழ்த்துவிட்டுப் போன மாடுகள் கட்டாக்காலியாகக் காட்டுக்குள் திரிந்தன. மாமா தன்னுடைய குறி சுட்ட மாடுகளில் இரண்டைத்தான் கண்டுபிடித்தார். அதில் ஒன்று சிவப்பி. இரண்டு வருடம் மனிதர் முகமே பார்க்காத மாடு, இவர் நாக்கால் சத்தம் போட்டதும் நின்று திரும்பிப் பார்த்ததாம். அதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் குரல் மாறிவிடும்.

வீட்டுக்குப் பின்னால், மிதிவெடி இருக்கு என்று மண்டையோட்டுப் பலகை நட்ட காணி. சிவப்பி ஒவ்வொரு நாளும் அதற்குள்தான் மேயப் போகும். மாமாவும் அதே ஒற்றையடிப் பாதையால் விறகுக்குப் போனார். மாமி கத்தினால், "மாடு மேயிற இடத்தில என்ன வெடி? வெடிக்கிறதெண்டா எப்பவோ வெடிச்சிருக்கும்" என்பார். அவர் மட்டுமில்லை, அந்த நேரம் பாதிச் சனம் அப்படித்தான் கதைத்தது. மிதிவெடியை வரிசையாக, இடைவெளி விட்டுப் புதைப்பார்கள், மாட்டுத் தடம் அந்த இடைவெளிக்குள் போனால் நூறு தரமும் ஒன்றும் ஆகாது. மழை வந்து மண் அரித்தால் கதை வேறு.

மாரியில் ஒரு காலை சத்தம் கேட்டது. சிவப்பியின் முன்னங்கால். மாமா இருபது அடி பின்னால். அவர் அப்படியே நின்றுவிட்டார், காலை எடுத்து மற்றப் பக்கம் வைக்கவில்லை. வெடி அகற்றும் குழு வந்து ஒரு மீற்றர் அகலத்துக்குப் பாதை எடுத்து அவரிடம் போய்ச்சேர மத்தியானம் தாண்டிவிட்டது. முன்னால் முழங்காலில் போனது என் வயது ஒரு பெட்டை. அடுத்த வருடம் நானும் விண்ணப்பம் போட்டேன். "பொம்பிளைப் பிள்ளை வெடி கிண்டவோ?" என்று கேட்டவர்களின் வீட்டுக் காணியையும் பிறகு நாங்கள்தான் கிண்டிக் கொடுத்தோம்.

இதில் ஒரு கதை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. மாட்டை இழந்ததற்கு மாமாவுக்கு வாழ்வாதார உதவி என்று ஒரு மாடு கொடுத்தார்கள். பதாகை கட்டி, மாட்டுக்கு மாலை போட்டு, மாமாவின் கையில் கயிற்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நல்ல கறவை, நாளுக்கு இத்தனை லீற்றர் என்று பேச்சு வேறு. பல்லைப் பார்த்தால் கிழடு. ஒரு போத்தல் பால் கறந்திருக்காது, தவிட்டுக் காசுக்கே கடன். கேட்கப் போனால் படத்தைக் காட்டி, "பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இருக்கே ஐயா" என்றார்கள். யார் என்று எழுத மாட்டேன், வன்னியில் இருப்பவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு மாடு ஞாபகம் வரும்.

பின்னால் இருந்த அந்தக் காணியைத் துப்புரவாக்கிக் கையளித்து இப்போது பல வருடமாகிவிட்டது. பலகையும் இல்லை. நான் வேலை செய்த குழுதான் எடுத்தது, ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும், கூட்டிக்கொண்டு போகிறேன் வாங்கோ மாமா என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அவர் வேலியோடு நின்றுவிடுவார். மாடுகள் மட்டும் போய் வருகின்றன.