களி சாப்பிட்டால் சர்க்கரை வராதா?

கேள்வி: தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழு நடத்துகிறோம். 60 வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை பரிசோதனை முகாம் வைக்கப் போகிறோம். அளவு கூடுதலாக இருப்பவர்களிடம் 'சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி சாப்பிடுங்கள்' என்று சொன்னால் போதுமா?

பதில்: போதாது. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியும். சர்க்கரை பார்க்கும் கருவியோடு எடை மெஷினையும் தையல் டேப்பையும் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். வயதாகித் தசை கரைந்தவர்கள் ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை ஏறும். அவர்களிடம் போய்ச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும்.

அதனால் முதலில் கெண்டைக்காலை அளந்து பாருங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, மிகப் பருத்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. அப்புறம், "ஆயா, ரவிக்கை தொளதொளன்னு ஆயிடுச்சா? பல் இருக்கா? நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். சர்க்கரை நோயாலும் எடை இறங்கும், காசநோயாலும் இறங்கும்.

களிக்கு வருவோம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், நல்ல தானியம்தான். ஆனால் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. இரண்டு பெரிய உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஓர் உருண்டை போதும், கூடவே கீரையும் கெட்டியான பருப்பும் வேண்டும். ரேஷன் துவரம்பருப்பு, கொள்ளு, மொச்சை, முட்டை எல்லாம் ஊரிலேயே கிடைப்பவைதானே. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பல் இல்லாதவர்களுக்குப் பயறைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். மெலிந்தவர்களுக்கு மொத்தச் சாப்பாட்டைக் குறைக்காமல் இப்படி மாற்றிக் கொடுங்கள். தொப்பை உள்ளவர்கள் சோறு, களி இரண்டையுமே குறைக்கலாம். டீக்கடையில் நாலு வேளை சர்க்கரை போட்ட டீ குடிப்பதைப் பற்றி எல்லோரிடமும் பேசுங்கள்.

விரலில் குத்திப் பார்த்த அளவை வைத்து யாரையும் 'சர்க்கரை நோயாளி' என்று சொல்லிவிடாதீர்கள். முகாமில் அளவு 140ஐத் தாண்டினால், வெறும் வயிற்றில் மறுபரிசோதனைக்கு அனுப்புங்கள். அதில் 100 முதல் 125 வரை வந்தால் எச்சரிக்கைக் கட்டம். இந்தக் கட்டத்தில் தடுக்க முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு: 2006இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. 126ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் உறுதிசெய்யட்டும்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: விரதம் என்றோ பசியில்லை என்றோ சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நினைவோடு விழுங்க முடிகிறவர்களுக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் இருக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.