சியர்லீடிங் ரியாலிட்டி ஷோ: ரெண்டு தடவ வீடியோ அனுப்பியும் பதில் வரலைன்னு கேட்டவருக்கு

சியர்லீடிங் (டீமா சேந்து கரணம் அடிச்சு, ஆள மேல தூக்கி நிறுத்தி ஆடுற விளையாட்டு) ரியாலிட்டி ஷோல உங்க பொண்ணு வரணும்னு ரெண்டு தடவ வீடியோ அனுப்பியும் பதிலே வரலைன்னு எழுதியிருந்தீங்க. டம்ளிங் (கரணம் அடிக்கிற) கிளிப்ப பாதியா குறைச்சுட்டு பொண்ண பேச வச்சு திரும்ப அனுப்புங்க. ரெண்டு வீடியோலயும் முழுக்க பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கும் (பின்பக்கமா கைய ஊணி அடிக்கிற கரணம்) பாட்டும்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதான் காரணமா இருக்கும்.

ஷோவுக்கு ஆள் எடுக்குற காஸ்டிங் ஆளுங்க மார்க் போட உக்காரல. 2020ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த 'சியர்' ஷோவ எடுத்துக்கோங்க, டெக்சாஸ்ல கோர்சிகானா ஊர் நவாரோ காலேஜ் டீம், டேடோனா ஊர்ல நடக்குற சியர்லீடிங் போட்டில அவங்க ஆடுறது வெறும் 2 நிமிஷம் 15 செகண்டு, ஆனா முதல் சீசன் 6 எபிசோட். மீதி நேரம் பூரா யாருக்கு மேட்ல (போட்டில ஆடுற டீம்ல) இடம் கிடைக்கும், யாருக்கு அடிபட்டுச்சு, வீட்ல என்ன நிலைமை, இதுதான் ஓடும்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. வீடியோவ போட்டுட்டு கண்ண மூடி சத்தத்த மட்டும் கேளுங்க, 30 செகண்டுக்குள்ள அவ ஃப்ளையரா (மேல ஏறி நிக்கிறவ) பேஸா (கீழ இருந்து தூக்குறவ), எதுக்கு பயப்படுவான்னு புரியலைன்னா மறுபடி எடுங்க. ஸ்கிரிப்ட் வேணாம். பிராக்டிஸ் முடிஞ்சு மணிக்கட்டு டேப்ப பிரிச்சுக்கிட்டே, ஸ்டண்ட்ல (ஆள மேல தூக்கி நிறுத்துறப்ப) விழுந்துட்டு திரும்ப மேல ஏறின அந்த நாள சொல்லட்டும், அது போதும்.

ஆனா இதெல்லாம் சரியா செஞ்சாலும், ஜிம்முல கோச் கேமராவ உள்ள விடலைன்னா நடக்காது, அத முதல்ல கேட்டுக்கோங்க. தேர்வுக்கு யாராவது பணம் கேட்டா குடுத்துராதீங்க. ரிலீஸ் ஃபார்ம்ல (எடுத்த வீடியோவ அவங்க பயன்படுத்திக்க சம்மதம்னு குடுக்குற பேப்பர்) கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, எடிட்டிங்ல உங்க பொண்ண எப்படி காட்டினாலும் பெரும்பாலும் நீங்க கேள்வி கேக்க முடியாது.